பயோடேட்டாவில் வரும் பிழைகள் - நாமே திருத்துவோம்!

(இந்த மாதப் பாடம் - குழுக் கூட்டத்தில் ஒருவர் வாசிக்க, மற்றவர்கள் கேட்டுப் பேச வேண்டியது)



நம்ம குழுத் தீர்மானப் புத்தகத்தைப் புரட்டிப் பாருங்க. "மகள் கல்லூரிக் கட்டணத்துக்காக", "மகன் ஐ.டி.ஐ. சேர்க்கைக்காக" என்று கடன் கொடுத்த வரிகள் பக்கத்துக்குப் பக்கம் இருக்கும். ஆடு வாங்கின கடன் குட்டி போட்டதும் திரும்பிடும். மாடு வாங்கின கடன் பால் ஊத்தினதும் திரும்பிடும். படிப்புக்கு வாங்கின கடன் எப்போ திரும்பும்? பிள்ளைக்கு வேலை கிடைச்சாத்தான்.

அந்த வேலைக்கு முதல் படி ஒரு பேப்பர். நாம் அதை பயோடேட்டா என்கிறோம். கம்பெனிக்காரங்க ரெஸ்யூமே என்பாங்க. பேரு எதுவானாலும் விஷயம் ஒண்ணுதான். நாம் யார், என்ன படிச்சிருக்கோம், என்ன வேலை தெரியும், நம்மை எப்படித் தொடர்பு கொள்வது, இந்த நாலையும் சொல்லும் பேப்பர் அது. வேலை கொடுப்பவர் நம் முகத்தைப் பார்க்கும் முன்னால் இதைத்தான் பார்க்கிறார். இதில் தவறு இருந்தால் நேர்முகத் தேர்வுக்கே கூப்பிட மாட்டாங்க. ஏன் கூப்பிடலைன்னும் சொல்ல மாட்டாங்க. பிள்ளை மட்டும் "எனக்கு ராசி இல்லை"ன்னு மூலையில் உட்கார்ந்துடும்.

ராசியில் ஒன்றும் இல்லை. பேப்பரில் இருக்கும் பிழையைத் திருத்தலாம். எங்கள் கூட்டமைப்பு அலுவலகத்துக்கு வரும் பயோடேட்டாக்களில் திரும்பத் திரும்ப நாங்கள் பார்க்கும் பிழைகளை இங்கே வரிசையாகச் சொல்கிறோம். பிள்ளைகளுக்கு மட்டும் இல்லை, வேலைக்குப் போக நினைக்கும் நம் உறுப்பினர்களுக்கும் இது பொருந்தும்.

முதலில் ஒன்றைத் தெரிந்துகொள்வோம். அரசு வேலைக்கு பயோடேட்டா கொடுப்பதில்லை. அதற்கென்று தனி விண்ணப்பம் உண்டு, அதில் கேட்டதை மட்டும் நிரப்ப வேண்டும். கடை, மருத்துவமனை, கார்மெண்ட்ஸ் கம்பெனி, மில், தனியார் பள்ளி, தொண்டு நிறுவனம் போன்ற இடங்களுக்குத்தான் பயோடேட்டா. இந்தப் பாடம் அதைப் பற்றியது.

பிழை 1: எடுக்க ஆளில்லாத போன் நம்பர்

இதை முதலில் சொல்லக் காரணம் இருக்கிறது. மற்ற பிழைகளைச் சிலர் மன்னிப்பாங்க. போன் எடுக்கலைன்னா அடுத்த ஆளுக்குப் போயிடுவாங்க.

பல பெண் பிள்ளைகளின் பயோடேட்டாவில் அப்பா நம்பர் இருக்கும், அல்லது அண்ணன் நம்பர், பக்கத்து வீட்டு நம்பர். அப்பா வயலில் இருக்கும்போது கம்பெனியிலிருந்து போன் வரும். "யாரு? தெரியாது"ன்னு வைச்சிடுவார். அல்லது சாயங்காலம் வந்து சொல்ல மறந்திடுவார். ரீசார்ஜ் தீர்ந்து நம்பரே செத்துப்போன கதையும் உண்டு.

நம்பர் வேலை தேடுபவர் கையில் இருக்கும் நம்பராக இருக்கணும். வீட்டில் ஒரே போன்தான் என்றால், அதை எடுக்கும் எல்லாரிடமும் "வேலை விஷயமா போன் வரும். பேரு, இடம், தேதி, நேரம் கேட்டு எழுதி வைங்க" என்று சொல்லி வையுங்க. இரண்டாவது நம்பராக நம்பிக்கையான ஒருவரின் நம்பரைச் சேர்க்கலாம், அவரிடம் கேட்டுவிட்டு. பத்து எண்ணையும் ஒவ்வொன்றாக விரல் வைத்துச் சரிபாருங்க. ஓர் எண் மாறினாலும் வேலை வேறு வீட்டுக்குப் போன மாதிரிதான்.

பிழை 2: பெயரும் இனிஷியலும் இடத்துக்கு இடம் மாறுவது

இது நம்ம ஊருக்கே உரிய பிரச்சினை. பத்தாவது சான்றிதழில் அப்பாவின் இனிஷியல் இருக்கும். கல்யாணம் ஆனதும் ஆதார், ரேஷன் கார்டு, பேங்க் பாஸ் புக்கில் கணவர் இனிஷியல் ஏறிவிடும். சிலருக்கு இனிஷியல் முன்னால், சிலருக்குப் பின்னால். ஆங்கிலத்தில் ஓர் எழுத்து கூடும், குறையும்.

நமக்கு இது சின்ன விஷயம். கம்பெனிக்கு அப்படி இல்லை. வேலையில் சேர்ந்ததும் பி.எஃப்., இ.எஸ்.ஐ., சம்பளக் கணக்கு எல்லாம் பெயரை வைத்துத்தான் தொடங்குவாங்க. பி.எஃப். பதிவில் உள்ள பெயரும் ஆதாரில் உள்ள பெயரும் ஒத்துப்போகலைன்னா, பின்னாடி பி.எஃப். பணத்தை எடுக்கும்போது அலைய வேண்டியிருக்கும்.

என்ன செய்யலாம்?
- பயோடேட்டாவில் பத்தாவது சான்றிதழில் உள்ள பெயரை, அதே எழுத்தில் எழுதுங்க. பிறந்த தேதியும் அதில் உள்ளபடியே.
- ஆதாரில் வேறு மாதிரி இருந்தால் ஆதார் சேவை மையத்தில் சான்று காட்டித் திருத்துங்க. வேலை கிடைத்த பிறகு பார்க்கலாம் என்று தள்ளாதீங்க.
- பெயரையே முழுதாக மாற்றிக்கொண்டவர்கள் அரசிதழில் பெயர் மாற்றம் வெளியிட வேண்டியிருக்கும். அந்தப் பக்கத்தின் நகலைச் சான்றிதழோடு வைத்துக்கொள்ளுங்க.

பிழை 3: கடைக்காரர் பயோடேட்டா

பிரவுசிங் சென்டருக்கோ ஜெராக்ஸ் கடைக்கோ போய், "அண்ணா, ஒரு பயோடேட்டா அடிச்சுக் குடுங்க" என்கிறோம். அவர் ஏற்கெனவே யாருக்கோ அடித்ததைத் திறந்து, பெயரை மட்டும் மாற்றிக் கொடுத்துவிடுகிறார். கூட்டம் அதிகம், அவரையும் குறை சொல்ல முடியாது. ஆனால் என்ன நடக்கிறது?

அப்பா பெயர் வேறு ஒருவருடையதாக இருக்கிறது. கீழே போட்ட தேதி போன வருஷத் தேதி. பொழுதுபோக்கு என்ற இடத்தில் கிரிக்கெட் விளையாடுவது என்று இருக்கும், பிள்ளை மட்டையைத் தொட்டதே இல்லை. மேலே "குறிக்கோள்" என்று நாலு வரி கடினமான ஆங்கிலம். நேர்முகத் தேர்வில் "இதுக்கு என்னம்மா அர்த்தம்?" என்று கேட்டால் தலை குனியும்.

எனவே கடைக்குப் போகும் முன்னால் வீட்டில் உட்கார்ந்து, ஒரு வெள்ளைத் தாளில் தமிழிலேயே எழுதுங்க. அதைக் கொடுத்து "இதை மட்டும் அடிங்க" என்று சொல்லுங்க. குறிக்கோள் வரி வேணும்னா நம் சொந்த வார்த்தையில் ஒரே வரி போதும்: "கணக்கு எழுதும் வேலையில் சேர்ந்து, டேலியில் இன்னும் தேர்ச்சி பெற விரும்புகிறேன்." ஆங்கிலத்தில் வேணும்னா இதையே எளிய ஆங்கிலத்தில் எழுதச் சொல்லுங்க. அடித்த பிறகு காசு கொடுக்கும் முன் அங்கேயே நின்று ஒரு தடவை முழுதாகப் படியுங்க.

இன்னொன்று. மெயில் ஐ.டி.யையும் கடைக்காரரே தொடங்கிக் கொடுப்பார். பாஸ்வேர்டு அவருக்கு மட்டும்தான் தெரியும். கம்பெனியிலிருந்து மெயில் வந்து பத்து நாள் கழித்துத்தான் நமக்குத் தெரியவரும். மெயிலை உங்கள் போனிலேயே தொடங்குங்க. பெயரை ஒட்டி இருக்கட்டும். செல்லப் பெயர், சினிமாப் பெயர் எல்லாம் வேண்டாம். பாஸ்வேர்டை நோட்டில் எழுதி வையுங்க. வேலை தேடும் காலத்தில் தினம் ஒரு தடவை மெயிலைத் திறந்து பாருங்க.

பிழை 4: மார்க்கை அரைகுறையாக எழுதுவது

"பிளஸ் டூ - 842" என்று மட்டும் எழுதினால் எதற்கு 842? தமிழ்நாட்டில் 2018 வரை பிளஸ் டூ மொத்த மதிப்பெண் 1200. 2019 தேர்விலிருந்து 600. அக்கா 1200-க்கு எழுதியவர், தங்கை 600-க்கு எழுதியவர். தங்கை 450 என்று எழுதினால், பழைய கணக்கில் பார்ப்பவருக்குக் குறைவாகத் தெரியும். "450/600" என்று எழுதினால் குழப்பம் இல்லை. சதவீதம் போட்டால் இன்னும் நல்லது: 75 சதவீதம்.

கொரோனாவால் 2021-ல் பத்தாவது பொதுத்தேர்வு நடக்கவில்லை. அந்த வருஷம் முடித்த பிள்ளைகள் சான்றிதழில் உள்ளபடி "தேர்ச்சி" என்றே எழுதலாம். வெட்கப்பட ஒன்றும் இல்லை. நாமாக ஒரு மார்க்கைப் போட்டு எழுதினால்தான் தப்பு.

படித்ததை எழுதும் வரிசையும் முக்கியம். கடைசியாகப் படித்தது மேலே, பத்தாவது கீழே. ஒவ்வொன்றுக்கும் படிப்பு, பள்ளி அல்லது கல்லூரி, முடித்த வருஷம், மதிப்பெண் ஆகிய நாலும் இருக்கணும். டைப்ரைட்டிங் லோயர், ஹையர் பாஸ் பண்ணியவர்கள் அதைத் தனியாக எழுதுங்க, தமிழா ஆங்கிலமா என்பதையும் சேர்த்து. தையல் பயிற்சி, நர்சிங் உதவியாளர் பயிற்சி, கம்ப்யூட்டர் கோர்ஸ் எல்லாம் எத்தனை மாதம், எங்கே என்று எழுதுங்க.

பிழை 5: இல்லாததை இருக்கிறதாக எழுதுவது

அரியர் வைத்திருக்கும் பிள்ளை "பி.காம். முடித்தேன்" என்று எழுதுகிறது. நேர்முகத் தேர்வு நல்லாப் போகிறது, வேலையும் கிடைக்கிறது. சேரும் நாளில் சான்றிதழ் கேட்கிறார்கள். அங்கே மாட்டிக்கொண்டால் அந்த வேலை மட்டும் போகாது. அடுத்து அதே இடத்துக்கு நம்ம ஊர்ப் பிள்ளை இன்னொன்று போனாலும் சந்தேகத்தோடு பார்ப்பாங்க.

உண்மையை எழுதினால் எல்லாக் கதவும் மூடிவிடாது. "பி.காம். மூன்றாண்டு படிப்பு முடித்தது, 2 தாள் பாக்கி, அடுத்த தேர்வில் எழுதுகிறேன்" என்று எழுதலாம். பிளஸ் டூ போதும் என்ற வேலைகளுக்கு இது தடையே இல்லை.

மொழி, கம்ப்யூட்டர் விஷயமும் இப்படித்தான். "ஆங்கிலம் சரளமாகப் பேசுவேன்" என்று எழுதிவிட்டால் முதல் கேள்வியே ஆங்கிலத்தில் வரும். "ஆங்கிலம்: படிக்க, எழுதத் தெரியும். ஓரளவு பேசுவேன்" என்பது நேர்மை. "டேலி தெரியும்" என்றால் உட்கார வைத்து ஒரு வவுச்சர் போடச் சொல்வாங்க. தெரிந்தால் எழுதுங்க. தெரியாட்டி, "அடிப்படை கற்றிருக்கிறேன்" என்று எழுதுங்க.

பிழை 6: தெரிந்ததை எழுதாமல் விடுவது

நம் உறுப்பினர்கள் செய்யும் பிழைகளில் எங்களுக்கு அதிக வருத்தம் தருவது இதுதான். இல்லாததை எழுதுபவர்கள் கொஞ்சம் பேர். இருப்பதை மறைப்பவர்கள்தான் அதிகம்.

"முன் அனுபவம் இருக்கா?" என்று கேட்டால் "ஒண்ணும் இல்லைங்க, வீட்டிலதான் இருக்கேன்" என்கிறோம். ஆறு வருஷம் குழுக் கணக்கு எழுதியது யார்? மாதாமாதம் பேங்குக்குப் போய்ப் பணம் கட்டியது யார்? தணிக்கையாளர் முன்னால் பேரேட்டை விரித்துப் பதில் சொன்னது யார்? இருபது பேர் கூடிய கூட்டத்தில் தகராறு வந்தபோது பேசித் தீர்த்தது யார்? இதெல்லாம் அனுபவம்தான். சம்பளம் வாங்கவில்லை என்பதால் அது வேலை இல்லை என்று ஆகிவிடாது.

அதை எப்படி எழுதணும் என்று பார்ப்போம்.

தவறு: "மகளிர் குழுவில் இருக்கிறேன்."
சரி: "மகளிர் சுய உதவிக் குழுவின் கணக்காளர், 2017 முதல் 2023 வரை. 15 உறுப்பினர்களின் சேமிப்பு, கடன், வட்டிக் கணக்குகளை எழுதினேன். மாதந்தோறும் வங்கி வரவு செலவைச் சரிபார்த்தேன். ஆண்டுத் தணிக்கைக்குப் பேரேடுகளைத் தயார் செய்தேன்."

தவறு: "தையல் தெரியும்."
சரி: "4 ஆண்டுகளாக வீட்டில் தையல். பிளவுஸ், சுடிதார், பள்ளிச் சீருடை வெட்டித் தைப்பேன். பவர் மெஷின் ஓட்டப் பழகியிருக்கிறேன்."

தவறு: "கடையில் வேலை பார்த்தேன்."
சரி: "ஜவுளிக் கடையில் 2 ஆண்டு விற்பனையாளர். பில் போடுதல், இருப்பு எண்ணுதல், வாடிக்கையாளருக்குத் துணி எடுத்துக் காட்டுதல்."

என்ன வேலை, எத்தனை வருஷம், எவ்வளவு, என்ன கருவி. இந்த நாலு கேள்விக்கும் பதில் வரும்படி எழுதுங்க. எண் இருந்தால் நம்பிக்கை வரும். ஆனால் எண் உண்மையாக இருக்கணும். குழு வேலையை எழுதினால், கூட்டமைப்பிடமோ வங்கியிடமோ கேட்டுச் சொல்ல முடியும் என்பதையும் மறக்காதீங்க.

கல்யாணம், பிள்ளைப்பேறு, மாமியாரைக் கவனிச்சது என்று சில வருஷம் இடைவெளி இருக்கும். அதை மறைக்க வருஷத்தை மாற்றி எழுத வேண்டாம். "2018 - 2022 குடும்பப் பொறுப்பு. இந்தக் காலத்தில் குழுவின் பிரதிநிதியாகவும் இருந்தேன்" என்று நேராக எழுதிவிடலாம். டூவீலர் லைசென்ஸ் இருந்தால் கட்டாயம் எழுதுங்க. ஊர் ஊராகப் போகும் களப்பணிக்கு அதுவும் ஒரு தகுதி.

பிழை 7: கேட்காததை எல்லாம் கொட்டுவது

கல்யாணத்துக்கு ஜாதகக் குறிப்பு எழுதுவது போலவே சிலர் பயோடேட்டா எழுதுகிறார்கள். சாதி, மதம், நிறம், உயரம், அண்ணன் தம்பி எத்தனை பேர், அப்பா தொழில், சொத்து வரைக்கும். தனியார் வேலைக்கு இவை தேவை இல்லை. அரசு விண்ணப்பத்தில் சாதிச் சான்று கேட்டால் அங்கே கொடுப்போம். இங்கே வேண்டாம்.

ஆதார் எண், பேங்க் கணக்கு எண், பான் எண் எதையும் பயோடேட்டாவில் எழுதாதீங்க. அந்தப் பேப்பர் யார் யார் கைக்குப் போகும் என்று நமக்குத் தெரியாது. வேலையில் சேரும்போது கேட்டால் கொடுத்தால் போதும். ஆதார் நகல் கேட்டாலும், கடைசி நாலு எண் மட்டும் தெரியும்படி மறைத்த ஆதாரை ஆதார் இணையதளத்திலேயே எடுக்கலாம். அது போதுமா என்று கேட்டுப் பாருங்க.

போட்டோ கேட்டால் பாஸ்போர்ட் சைஸ் போட்டோ ஒட்டுங்க. திருவிழாவில் எடுத்த செல்ஃபி வேண்டாம். போட்டோவும் நம்பரும் முகவரியும் உள்ள பயோடேட்டாவை முகம் தெரியாத வாட்ஸ்அப் குழுக்களில் போடவே போடாதீங்க. வேலைக்கான போனைவிட வேண்டாத போன்தான் அதிகம் வரும்.

பிழை 8: எல்லா வேலைக்கும் ஒரே பயோடேட்டா

சூப்பர் மார்க்கெட் பில்லிங் வேலைக்கும், மருத்துவமனை வரவேற்பு வேலைக்கும், கார்மெண்ட்ஸ் வேலைக்கும் ஒரே பேப்பரை நூறு ஜெராக்ஸ் எடுத்துக் கொடுக்கிறோம். குழம்புக்கு ஒரு பொடி, ரசத்துக்கு ஒரு பொடி என்று வைத்திருக்கும் நாம் இதில் மட்டும் ஏன் ஒன்றையே போடணும்?

முழுக்க மாற்றி எழுத வேண்டியதில்லை. அந்த வேலைக்கு வேண்டியதை மேலே கொண்டுவந்தால் போதும். பில்லிங் வேலைக்குக் கணக்கும் கம்ப்யூட்டரும் மேலே. மருத்துவமனைக்கு நர்சிங் உதவியாளர் பயிற்சியும் ஆட்களிடம் பேசிப் பழகியதும் மேலே. மொத்தமும் ஒரு பக்கத்துக்குள் அடங்கட்டும். அனுபவம் நிறைய உள்ளவர்களுக்கு இரண்டு பக்கம் வரலாம். அதற்கு மேல் வேண்டாம்.

பிழை 9: அனுப்பும்போது வரும் பிழை

கசங்கின பேப்பரைச் சாய்வாகப் போட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பினால் எழுத்தே தெரியாது. கடையில் அடிக்கும்போதே பி.டி.எஃப். ஆக வாங்கி உங்கள் போனிலும் மெயிலிலும் வைத்துக்கொள்ளுங்க. கடைக்காரர் கம்ப்யூட்டரில் மட்டும் இருந்தால், ஞாயிற்றுக்கிழமை கேட்டு வரும்போது என்ன செய்வீங்க? ஃபைலுக்கு உங்கள் பெயரையே வையுங்க. அனுப்பும்போது "வணக்கம், இந்த வேலைக்கு விண்ணப்பிக்கிறேன்" என்று இரண்டு வரி எழுதி அனுப்புங்க. வெறும் ஃபைலை மட்டும் அனுப்பாதீங்க.

நேரில் போகும்போது மூன்று நகல் எடுத்துப் போங்க. சான்றிதழ் நகலில் நாமே கையெழுத்திட்டுச் சான்றொப்பம் செய்தால் இப்போது பெரும்பாலான இடங்களில் ஏற்றுக்கொள்கிறார்கள். அசல் சான்றிதழைக் காட்டலாம், கொடுத்துவிட்டு வரக்கூடாது. "வைச்சுட்டுப் போங்க, பிறகு தர்றோம்" என்றால் வீட்டில் கேட்டுச் சொல்கிறேன் என்று சொல்லி எடுத்து வந்துவிடுங்க. அசலை வாங்கி வைத்துக்கொண்டால், வேலை பிடிக்கலைன்னாலும் விட்டுவர முடியாமல் மாட்டிக்கொள்வோம்.

கவனம்: பணம் கேட்டால் அது வேலை இல்லை

பயோடேட்டா அனுப்பிய சில நாளில் "நீங்க செலக்ட் ஆயிட்டீங்க. யூனிபார்முக்கு, பதிவுக்கு இவ்வளவு அனுப்புங்க" என்று போன் வரலாம். வேலை கொடுப்பவர் நமக்குச் சம்பளம் தருவார். நம்மிடம் பணம் கேட்க மாட்டார். ஓ.டி.பி. கேட்டாலும் சொல்லக்கூடாது. பணத்தை இழந்துவிட்டால் அழுதுகொண்டு உட்கார வேண்டாம், உடனே 1930 என்ற எண்ணுக்குப் போன் செய்யுங்க. சைபர் மோசடிப் புகாருக்கான தேசிய உதவி எண் அது. எவ்வளவு சீக்கிரம் சொல்கிறோமோ, பணத்தைத் தடுத்து நிறுத்த அவ்வளவு வாய்ப்பு உண்டு.

ஒரு மாதிரி பயோடேட்டா

பெயர்: (பத்தாவது சான்றிதழில் உள்ளபடி)
போன்: (கையில் இருக்கும் நம்பர்) / இரண்டாவது நம்பர்
மெயில்: (பெயரை ஒட்டியது)
ஊர்: கிராமம், வட்டம், மாவட்டம், பின்கோடு
விரும்பும் வேலை: கணக்கு உதவியாளர்
தெரிந்த வேலை: கையால் பேரேடு எழுதுதல், டேலி அடிப்படை, தமிழ் டைப்ரைட்டிங் லோயர்
அனுபவம்: மகளிர் குழுக் கணக்காளர், 2017 - 2023 (செய்த வேலைகள் மூன்று வரியில்)
படிப்பு: பி.காம்., 2016, 62 சதவீதம் / பிளஸ் டூ, 2013, 842/1200 / பத்தாவது, 2011, 378/500
மொழி: தமிழ் - பேச, படிக்க, எழுத. ஆங்கிலம் - படிக்க, எழுத
என்னைப் பற்றிக் கேட்க: ஒருவர் பெயர், பொறுப்பு, போன் (அவரிடம் முன்கூட்டியே கேட்ட பிறகு)
இடம், தேதி, கையெழுத்து

இவ்வளவுதான். பூ பார்டர், கலர் எழுத்து, சாமி படம் எதுவும் தேவை இல்லை.

எங்கே கொண்டு போவது?

மாவட்ட வேலைவாய்ப்பு மற்றும் தொழில்நெறி வழிகாட்டும் மையம் தனியார் வேலைவாய்ப்பு முகாம்களை நடத்துகிறது. இவற்றுக்குக் கட்டணம் கிடையாது. தமிழ்நாடு அரசின் தனியார் வேலைவாய்ப்பு இணையதளத்திலும் கட்டணம் இல்லாமல் பதிவு செய்யலாம். வேலைவாய்ப்பு அலுவலகப் பதிவை மூன்று வருஷத்துக்கு ஒருமுறை புதுப்பிக்கணும். ஆனால் அங்கே பதிந்துவிட்டோம், கடிதம் வரும் என்று சும்மா இருக்காதீங்க. கிராமப்புற இளைஞர்களுக்காக 2014-ல் தொடங்கிய தீன்தயாள் உபாத்யாயா திறன் பயிற்சித் திட்டத்தில் கட்டணமில்லாமல் பயிற்சி கொடுத்து வேலைக்கும் வழி செய்கிறார்கள். 15 முதல் 35 வயது வரை சேரலாம். பெண்களுக்கு 45 வயது வரை இடம் உண்டு. வட்டார அளவிலான மகளிர் திட்ட அலுவலகத்தில் விவரம் கேளுங்க.

படிக்கத் தெரியாத அம்மாவும் சரிபார்க்கலாம்

"எனக்கு எழுதப் படிக்கத் தெரியாது, நான் என்ன பார்க்கிறது?" என்று ஒதுங்கிவிடாதீங்க. ரேஷன் கார்டு எண்ணையும் பஸ் நம்பரையும் பார்த்துப் பழகிய கண் நம்முடையது. பிள்ளையைப் பக்கத்தில் உட்கார வைத்து இந்த ஐந்தைக் கேளுங்க:

1. இந்த நம்பருக்கு இப்போ என் முன்னால் போன் போடு, மணி அடிக்குதா பார்ப்போம்.
2. பத்தாவது சான்றிதழை எடு. பேரும் பிறந்த தேதியும் ரெண்டிலும் ஒண்ணா இருக்கா?
3. இதில் எழுதியிருக்கிறது எல்லாம் உனக்குச் செய்யத் தெரியுமா?
4. உனக்குத் தெரிஞ்சது எதையாவது விட்டுட்டியா?
5. ஒவ்வொரு வரியாகச் சத்தமாகப் படி, எனக்குப் புரியிற மாதிரி சொல்லு.

ஐந்தாவது கேள்வி நேர்முகத் தேர்வுக்கு நல்ல பயிற்சி. அம்மாவிடம் விளக்கிச் சொல்லிவிட்ட பிள்ளை, அதிகாரியிடமும் தடுமாறாமல் சொல்லும்.

இந்த மாதம் குழுவில் செய்ய வேண்டியது

வேலை தேடும் பிள்ளைகளையும் உறுப்பினர்களையும் அடுத்த கூட்டத்துக்குப் பயோடேட்டாவோடு வரச் சொல்லுங்க. இரண்டு இரண்டு பேராக உட்கார்ந்து மாற்றிக்கொண்டு, மேலே சொன்ன ஒன்பது பிழையையும் தேடுங்க. கண்டுபிடித்ததைச் சிவப்புப் பேனாவால் வட்டமிடுங்க. யாரையும் கேலி செய்யாதீங்க. பிழை இல்லாத பேப்பர் முதல் தடவையிலேயே யாருக்கும் வருவதில்லை.

பேசிப் பார்க்கக் கேள்விகள்:
- நம் குழுவில் யாருக்கு என்ன வேலை தெரியும்? அதை ஒரு வரியில் எப்படி எழுதலாம்?
- யார் யாருக்குப் பத்தாவது சான்றிதழிலும் ஆதாரிலும் பெயர் வேறாக இருக்கிறது? எப்போது திருத்தப் போகிறோம்?
- வேலைக்கென்று பணம் கேட்டு நம் ஊரில் யாருக்காவது போன் வந்ததா?

பேசி முடித்ததைத் தீர்மானப் புத்தகத்தில் எழுதுங்க. ஆதாரில் பெயர் திருத்த வேண்டியவர்கள் பட்டியலைத் தனியாக எழுதி, யார் எந்தத் தேதியில் போகிறார்கள் என்றும் குறியுங்க. திருத்தி எழுதிய பயோடேட்டாவில் ஒரு நகலைக் குழு ஃபைலில் வைத்துக்கொண்டால், முகாம் அறிவிப்பு வரும் நாளில் அவசரமாகக் கடைக்கு ஓட வேண்டியிருக்காது.